தெரியவில்லை என்று எழுதியவள்

குருவிநத்தத்துக்கு வந்து ஜோஸ்பின் வீடு எது என்று கேட்டால், எந்த ஜோஸ்பின் என்று திருப்பிக் கேட்பார்கள். எக்ஸ்ரே ஜோஸ்பின் என்று சொன்னால் போதும். மாதா கோவில் தெருவில் கடைசிக்கு முந்தின வீட்டைக் கைகாட்டிவிடுவார்கள். அந்தப் பட்டப்பெயர் அவளுக்கு அறவே பிடிக்காது. பிடிக்காது என்று தெரிந்த பிறகு ஊர் சும்மா விடுமா?

அவள் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறாள். மிச்ச நேரமெல்லாம் குவேசார்களோடுதான் குடித்தனம். எங்கோ தொலைவில் ஒரு கேலக்ஸியின் நடுவில் ராட்சசக் கருந்துளை ஒன்று உட்கார்ந்துகொண்டு, சுற்றியிருப்பதையெல்லாம் இழுத்து விழுங்கும். விழப்போகிற பொருள் சூடேறிச் சூடேறி, அந்தக் கேலக்ஸியின் அத்தனை நட்சத்திரங்களையும் தூக்கிச் சாப்பிடுகிற அளவுக்கு ஒளிவிடும். அதுதான் குவேசார். அந்த ஒளியில் எக்ஸ் கதிரும் உண்டு. பூமியைப் போர்த்தியிருக்கும் காற்று அதைக் கீழே இறங்க விடாது. விட்டால் நாம் யாரும் உயிரோடு இருக்க மாட்டோம். அதனால் எக்ஸ் கதிரைப் பார்க்கிற தொலைநோக்கியை விண்வெளிக்கே அனுப்பியாக வேண்டும். அது மேலே சுற்றிக்கொண்டு, பார்த்ததையெல்லாம் எண்களாகக் கீழே அனுப்பும். அந்த எண்களைத்தான் ஜோஸ்பின் தன் லேப்டாப்பில் வைத்து அலசிக்கொண்டிருப்பாள்.

இதை அவள் தன் அம்மா காசம்மாளுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறாள். காசம்மாளும் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். வெளியே போனதும், "எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல எக்ஸ்ரே பாக்குறா" என்பாள். பொய்யென்று சொல்ல முடியாதுதான். ஆனால் அதன் பலனை அனுபவித்தது மகள். கரும்பு வெட்டும்போது கையை முறித்துக்கொண்டவர், இருமல் விடாதவர், பைக்கிலிருந்து விழுந்தவர் என்று ஊரில் யார் படம் எடுத்தாலும் நேரே அவளிடம் கொண்டுவந்தார்கள்.

"நான் டாக்டர் இல்ல அத்த. எனக்கு இதப் பாக்கத் தெரியாது."

"தெரியாமத்தான் சம்பளம் குடுக்குறானா? சும்மா ஒரு வாட்டி பாத்து சொல்லேன்டி."

அவள் சொன்னதே இல்லை. வந்தவர் மனம் ஆறட்டும் என்று ஒரு "ஒன்னுமில்ல" கூட அவள் வாயிலிருந்து வராது. படிப்புத் திமிர் என்று சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்பிக்கொண்டால் திருப்பிக்கொள்ளட்டும் என்று இருந்தாள்.

அந்த ஊர் வீடுகளில் எக்ஸ்ரே படத்தைப் பூட்டி வைக்கிற வழக்கம் கிடையாது. காலண்டர் மாட்டியிருக்கும் ஆணியிலேயே உறையோடு தொங்கும். விசாரிக்க வருகிறவர்கள் உரிமையோடு உருவி, வாசலில் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லிவிட்டு மறுபடி மாட்டிவிட்டுப் போவார்கள். படம் ஆணியில் தொங்குகிறவரை பயமில்லை. அது காணாமல் போனால்தான் பயம். பொல்லாத நோய் என்று தெரிந்ததும் வீட்டார் முதல் காரியமாகப் படத்தை எடுத்து ஒளித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நோயாளியிடம் யாரும் உண்மை பேச மாட்டார்கள். சளிதான், சூடுதான், சாப்பிட்டால் சரியாகிவிடும் என்பார்கள்.

ஜோஸ்பினின் பெரியப்பா சூசைக்கு அப்படித்தான் நடந்தது. சளி சளி என்று சொல்லியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். வேனில் பிணமாகத் திரும்பி வந்தார். கடைசி மூச்சுவரை தனக்கு என்னவென்று அந்த மனிதருக்குத் தெரியாது. கல்லறையில் மண் போடும்போது ஜோஸ்பினின் அப்பா அருள்தாஸ், "எங்கண்ணன ஏமாத்தியே அனுப்பிட்டீங்களேடா" என்று கத்தியது தெருவுக்கே கேட்டது. அன்றையிலிருந்து ஆஸ்பத்திரி என்றாலே அவருக்கு ஆகாது.

அருள்தாஸ் இருபது வயதிலிருந்து கரும்பு வெட்டினவர். உடம்பு தளர்ந்ததும் ஒரு கறவை மாட்டை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பீடியை மட்டும் விடவில்லை. மகள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பாகூரிலிருந்து கடைசி பஸ்ஸில் அவள் வருகிற நாட்களில் ஆற்றோர ரோட்டில் போய் நின்று கூட்டிவருவார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த ஆராய்ச்சி.

போன வருடம் ஜோஸ்பினுக்குப் பெரிய வாய்ப்பு ஒன்று வந்தது. விண்வெளித் தொலைநோக்கிகளில் நேரம் கிடைப்பது லேசுப்பட்ட விஷயமில்லை. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் கேட்பார்கள், சிலருக்குத்தான் கொடுப்பார்கள். அவள் சில வருடங்களாகக் கேட்டுக் கேட்டுத் தோற்று, கடைசியில் ஒரு முழு நாள் நேரம் வாங்கினாள். அவள் தேர்ந்தெடுத்த குவேசாரின் ஒளி, சூரியனும் பூமியும் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே புறப்பட்டது. சாதாரண ஒளியில் அதை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். எக்ஸ் கதிரில் யாரும் பார்த்ததில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து எக்ஸ் கதிர் வெள்ளமாக வராது. ஒரு துளி, பிறகு வெகுநேரம் கழித்து இன்னொரு துளி. ஒரு நாள் முழுக்கக் கண்கொட்டாமல் பார்த்தால் ஒரு கைப்பிடி தேறலாம்.

அந்த நாளில் பாருங்கள், சூரியனிலிருந்து கிளம்பிய துகள்கள் தொலைநோக்கிமேல் வாரி அடித்தன. அப்படி நேர்ந்தால் அந்த நேரத்துப் பதிவை வெட்டித் தூர எறிவதைத் தவிர வழியில்லை. எறிந்தாள். கிடைத்ததில் பாதிக்கு மேல் போனது. மிச்சத்தில், குவேசார் இருக்க வேண்டிய இடத்தில் வட்டம் போட்டுப் பார்த்தாள். உள்ளே, துளிக்கு ஒன்றாக, நாலைந்து புள்ளிகள் இருந்தன. வட்டத்துக்கு வெளியிலும் அங்கங்கே அதே மாதிரி நாலைந்து நாலைந்தாகச் சிதறிக் கிடந்தன. அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

சென்னையில் இருக்கும் அவளுடைய பேராசிரியர் நாகராஜன் நல்லவர்தான். அவள் பிழைக்க வேண்டுமே என்ற அக்கறையில்தான் போனில் சொன்னார்: "அந்தப் புள்ளிகளை மட்டும் சுத்தி வட்டத்தைக் கொஞ்சம் சின்னதா போட்டுப் பாரும்மா. இருக்கற மாதிரிதான் எனக்குத் தோணுது. கண்டுபிடிச்சோம்னு எழுதினா, அந்த நிரந்தர வேலை உனக்குத்தான்."

அது ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் காலியாக இருந்த வேலை. கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் கௌரவம் மட்டும்தான் நிரந்தரம். வருடா வருடம் மறுபடி கூப்பிடுவார்களா என்று காத்திருக்க வேண்டும். அவளுக்கு ஆசை இல்லாமலா இருக்கும்? இரண்டு நாள் சோறு இறங்காமல் யோசித்தாள். பிறகு, "வேணுங்கற முடிவுக்குத் தகுந்த மாதிரி வட்டம் போட எனக்கு மனசு வரல சார்" என்றாள். கட்டுரையில், குவேசார் எக்ஸ் கதிரில் தெரிகிறதா இல்லையா என்று இந்தப் பதிவைக் கொண்டு சொல்ல முடியவில்லை, இருந்தால் அதிகபட்சம் இவ்வளவு பிரகாசத்துக்குள்தான் இருக்கும், மறுபடி நீண்ட நேரம் பார்க்க வேண்டும் என்று எழுதினாள். நாகராஜன் பெருமூச்சு விட்டுவிட்டுச் சம்மதித்தார். வேலை வேறொருவருக்குப் போனது.

இது நடந்து கொஞ்ச நாளில் மாதா கோவில் வளாகத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். வேனிலேயே எக்ஸ்ரே எடுத்தார்கள். இலவசம் என்பதால் காசம்மாள் புருஷனைத் தள்ளிக்கொண்டு போனாள். படத்தைக் கையில் கொடுத்து, "பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அருள்தாஸ் அதை ஆணியில் மாட்டிவிட்டு மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்விட்டார்.

மாலையில் ஜோஸ்பின் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வலது நுரையீரலின் மேல்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. பழைய தழும்பா, கிருமியா, புற்றா? எதுவாகவும் இருக்கலாம். அவளுக்குத் தெரியாது.

பிள்ளைச்சாவடிக்காரி அனிதா அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். மீன்காரக் குடும்பத்திலிருந்து டாக்டராகி, டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஜோஸ்பின் படத்தை போனில் பிடித்து அவளுக்கு அனுப்பினாள்.

"ஏய், ஜன்னல் கம்பிதான்டி தெரியுது இதுல. இத வச்சி இன்னாத்த சொல்றது? படத்த எடுத்துக்கினு வா" என்றாள் அனிதா.

மறுநாள் காலை அப்பா பால் ஊற்றப் போயிருந்த நேரத்தில், அவரை ஏன் வீணாகக் கலவரப்படுத்த வேண்டும் என்று, ஜோஸ்பின் படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், வழக்கம் தெரிந்தவள். எப்படித்தான் புத்தி அப்படி மழுங்கிப்போனதோ!

அனிதா பார்த்தாள். "நிழல் இருக்குது. இன்னான்னு படத்த வச்சி சொல்ல முடியாது. சி.டி. எடுக்கணும், தேவைப்பட்டா ஊசி வுட்டு சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும். அப்பாவ கூட்டியா, லேட் பண்ணாத. பெரிய டாக்டர்கிட்ட காட்டணும், படம் எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

ஜோஸ்பின் வெறுங்கையோடு வீடு திரும்பினாள். தெருமுனையிலேயே வீரப்பன் எதிரே வந்தார். அப்பாவோடு காலமெல்லாம் கரும்பு வெட்டினவர். அவர் கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் அவர்கள் வீட்டு மாடு. வீரப்பன் அவளைப் பார்த்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

வீட்டில் ஒரே கூட்டம். பிரெட்டும் ஹார்லிக்சும் சாத்துக்குடியும் குவிந்து கிடந்தன. காசம்மாள் மூலையில் சுருண்டு கிடந்தாள். ஆணியில் காலண்டர் மட்டும் தொங்கியது. யாரும் ஜோஸ்பினை எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? ஊருக்கே எக்ஸ்ரே பார்க்கிறவள், படத்தைப் பார்த்த மறுநாளே ஒளித்துவிட்டாள். வாயைத் திறந்து சொல்ல வேண்டுமா என்ன?

அருள்தாஸ் அதற்குள் காரியங்களை முடித்துவிட்டிருந்தார். மாட்டை வீரப்பனிடம் ஒப்படைத்தார். கோவில் சாமியாரிடம் போய், செய்த பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். கல்லறைத் தோட்டத்தில் அண்ணன் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டும் வந்துவிட்டார். வழக்கத்துக்கு மேல் பீடியும் பிடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாட்களில் ஜோஸ்பின் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. "டாக்டர்கிட்ட காட்டத்தாம்பா எடுத்துக்கினு போனேன். ஒளிக்கல" என்றாள். அவர் சிரித்தார். "சரி, ஒளிக்கல. போவட்டும் வுடு." "டெஸ்ட் எடுத்தாத்தாம்பா இன்னான்னு தெரியும்" என்றாள். "எங்கண்ணனுக்கும் டெஸ்ட்டுதான் எடுத்தாங்க. நான் இந்த வூட்லயே கெடந்து போறேன், பாப்பா. வேன்ல ஏத்தாத" என்றார். காசம்மாள் அவளைத் தனியே இழுத்து, "சளிதான்னு சொல்லி கூட்டினு போயிடுடி" என்றாள். சளி என்ற சொல்லைக் கேட்டாலே அந்த மனிதர் செத்துவிடுவார் என்று அவளுக்குப் புரியவில்லையே!

ஒன்றுமில்லை என்று சொன்னால் நம்பமாட்டார். இருக்கிறது என்றால் வரமாட்டார். தெரியவில்லை என்ற ஒன்றுதான் உண்மை. அதைச் சொன்னால் மறைக்கிறாள் என்கிறார். நாள் போய்க்கொண்டே இருந்தது. அவருடைய ஒவ்வொரு இருமலுக்கும் ஜோஸ்பினுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அருள்தாஸ் காலி மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். ஜோஸ்பின் எதிரே போய் நின்றாள்.

"அப்பா, சத்தியமா எனக்குத் தெரியலப்பா."

"சூசையண்ணன் கேட்டப்பவும் எல்லாரும் சளின்னாங்க, இல்லன்னா தெரியலன்னாங்க. செத்தப்புறம் எல்லாருக்கும் தெரிஞ்சிது."

வீட்டுக்குள் போனாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் இறைந்து கிடந்தன. நடுவில் பச்சையாக ஒரு வட்டம்.

"இதாம்பா என் வேல. இந்த வட்டத்துக்குள்ள ஒரு பொருள் இருக்கான்னு தேடுனேன். நீயே பாரு. இருக்குதா, இல்லியா?"

அருள்தாஸ் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். "நாலஞ்சு புள்ளி கீதே."

"வெளிய பாரு."

அவர் விரலைத் திரையில் வைத்து நகர்த்தினார். "வெளியவும் கீது. எல்லாம் ஒரே மாதிரி." அவளைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப எப்பிடி சொல்றது?"

"சொல்ல முடியாதுப்பா. அதான் தெரியலன்னு எழுதுனேன். உலகம் பூரா படிக்கிற புக்குல."

"தெரியலன்னு எழுதவா இத்தினி வருசம் படிச்ச?"

ஜோஸ்பினுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஆமாம்பா."

"உங்க சாரு ஒன்னும் சொல்லலியா?"

"இருக்குன்னு எழுதச் சொன்னாரு. எழுதியிருந்தா அந்தப் பெரிய வேல கெடச்சிருக்கும்."

அருள்தாஸ் கண்ணாடியைக் கழற்றினார். அந்த வேலைக்காக அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தது அவருக்குத் தெரியும். ஏன் கிடைக்கவில்லை என்று இதுவரை தெரியாது. சிபாரிசு இல்லாமல் போயிருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த வேலய வுட்டுட்டா தெரியலன்னு எழுதுன?"

"தெரியலயேப்பா. தெரியாதத எப்பிடி இருக்குன்னு எழுதறது?" அவள் திரையைக் காட்டினாள். "இன்னொரு வாட்டி, ரொம்ப நேரம் பாக்கணும். அப்பதான் தெரியும். உனக்கும் அவ்ளோதாம்பா. படத்துல ஒரு திட்டு இருக்குது. இன்னான்னு எனக்குத் தெரியல, அனிதாவுக்கும் தெரியல. இன்னொரு வாட்டி பாக்கணும், அவ்ளோதான்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. பிறகு சொன்னார்:

"வரேன். ஆனா தெரிஞ்சப்புறம் மறைக்கக் கூடாது. எங்கண்ணன் மாதிரி நான் போவ மாட்டேன். மாதா மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தாள்.

ஆஸ்பத்திரியில் அருள்தாஸ் ஒரு முரண்டும் பிடிக்கவில்லை. சுரங்கம் மாதிரி இருந்த மிஷினுக்குள் படுக்கச் சொன்னார்கள், படுத்தார். முதுகு வழியாக ஊசி விட்டார்கள், பல்லைக் கடித்துக்கொண்டார். ரிசல்ட் வர நாளாகும் என்றார்கள். அந்த நாட்களில் அவர் ஜோஸ்பின் முகத்தைப் பார்ப்பார். இன்னும் தெரியவில்லை என்று அவள் தலையாட்டுவாள். அவர் போய்ப் படுத்துத் தூங்கிவிடுவார். தூக்கம் வராமல் கிடந்தவள் அவள்தான்.

ரிசல்ட் வந்த அன்று அனிதா அவளையும் காசம்மாளையும் மட்டும் அறைக்குள் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். தோழியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். புற்று. நுரையீரலைத் தாண்டி எலும்பிலும் பரவத் தொடங்கியிருக்கிறது. முழுசாக அழிக்க முடியாது, மருந்தால் கட்டுப்படுத்திப் பார்க்கலாம்.

காசம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். பிறகு மகள் காலைப் பிடிக்காத குறையாக, "சொல்லாதடி. டி.பி.ன்னு சொல்லிடு. சொன்னா அந்த மனுசன் இங்கயே வுழுந்துடுவாரு. உன் கால்ல வுழுறேன்டி" என்றாள். அனிதாவும் தலையைக் குனிந்துகொண்டு, "கொஞ்ச நாள் போவட்டுமே ஜோஸ்பின். ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான செய்றாங்க" என்றாள்.

ஜோஸ்பின் சுவரில் சாய்ந்து நின்றாள். அன்றுவரை தனக்குத் தெரியாததைச் சொல்ல மாட்டேன் என்று நிற்பதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தாள். தெரிந்ததைச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனால் வெளியே ஒரு மனிதர், தன்னை ஏமாற்ற மாட்டாள் என்று ஒரே ஒருத்தியை நம்பி உட்கார்ந்திருக்கிறார். கதவைத் திறந்துகொண்டு போனாள்.

அருள்தாஸ் வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் வருகிற நடையைப் பார்த்ததுமே கப்பைக் கீழே வைத்துவிட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சிடுச்சிப்பா."

"சொல்லு."

"புத்துநோய். எலும்புக்கும் போயிருக்குது." எப்படியோ முழுதையும் சொல்லி முடித்தாள். "சுத்தமா சரி பண்ண முடியாதாம். மருந்து குடுத்து அடக்கி வைக்கலாமாம்."

அவர் கைகளை முழங்கால்மேல் அழுத்தி வைத்துக்கொண்டார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு குழந்தை பலூன் கேட்டு அழுதது.

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"எத்தினி நாளு பாப்பா இருப்பேன்?"

"அது தெரியலப்பா."

அவள் முகத்தையே பார்த்தார். கண்ணுக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரி பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார்.

"தெரியலன்னா சரி" என்றார். "உள்ள போயி, அடுத்து எப்ப வரணும்னு கேட்டுக்கினு வா."